நியூசிலாந்தில் முதல் வேட்டைத் துப்பாக்கி: கார்பன் பேரலுக்குக் காசு கொடுக்கும் முன்

கடைக்காரர் அந்த ரைபிளைக் கையில் கொடுத்ததும் நான் முதலில் செய்தது, பேரலை, அதாவது குண்டு பாயும் குழலை, விரல் முட்டியால் தட்டிப் பார்த்ததுதான். கணீர் என்று இரும்புச் சத்தம் வரவில்லை. தண்ணீர்க் குழாயைத் தட்டினால் வருமே, அப்படி ஒரு மந்தமான ஒலி. உள்ளே மெல்லிய எஃகு, வெளியே கறுப்பாகச் சுற்றிய கார்பன் ஃபைபர். தூக்கினால் குடைபோல இருந்தது. அங்கேயே 500 டாலர் முன்பணம் கட்டிவிட்டேன். அப்போது என்னிடம் துப்பாக்கி லைசென்ஸ்கூட இல்லை.

அந்த ஐந்நூறும் கடைசியில் பணமாகத் திரும்பவில்லை. அந்தக் கடையிலேயே வேறு சாமான் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வாங்கிய சாமானில் ஒன்று என் துப்பாக்கிக்குப் பொருந்தவில்லை. இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கிறைஸ்ட்சர்ச்சில் குடியிருந்து, தெற்குத் தீவு மலைகளில் மான், சாமோய் (ஆட்டினத்தைச் சேர்ந்த மலை விலங்கு), தார் வேட்டைக்குப் போக விரும்பும் புதியவரை மனதில் வைத்து எழுதியது. வடக்குத் தீவிலும் சட்டம் ஒன்றுதான்.

தார் என்றதும் நமக்கு வரையாடு நினைவுக்கு வரும். ஊரில் அது மாநில விலங்கு, தொட்டால் சிறை. இங்கே இருப்பது அதன் இமயமலை உறவு. மனிதர் கொண்டுவந்து விட்டது, மலைச் செடிகளைத் தின்று தீர்ப்பதால் எண்ணிக்கையைக் குறைக்க அரசே வேட்டையை ஊக்குவிக்கிறது. வீட்டில் அம்மா கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டுமல்லவா, அதற்காகச் சொன்னேன்.

1. முதலில் லைசென்ஸ், அதுவரை கடைப் பக்கம் போகாதீர்கள்

லைசென்ஸ் தருவது தே தாரி பூரெக்கே என்ற துப்பாக்கிப் பாதுகாப்பு அமைப்பு. போலீஸின் கீழ் 2022 நவம்பரில் தொடங்கியது. வயது 16 நிறைந்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு, செய்முறைப் பயிற்சி, இணையத்தில் விண்ணப்பம், வீட்டுக்கு வந்து நேர்காணல் என்று போகும். தேர்வுக்குப் பாதுகாப்பு விதி ஏழையும் மனப்பாடம் செய்தால் பாதி முடிந்தது. அதில் நான்காவதை உயிருள்ளவரை மறக்காதீர்கள்: சுடப்போவது என்ன என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த பிறகே விரல் விசைக்குப் போகலாம். இந்த நாட்டில் புதரில் அசைந்தது மான் என்று நினைத்து உடன் வந்தவரைச் சுட்டவர்கள் உண்டு.

விண்ணப்பக் கட்டணம் நான் கட்டியபோது 126.50 டாலர். கட்டும் அன்று இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முதல் லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு. அடுத்தது பத்து.

இனி மாட்டிக்கொள்ளும் இடங்கள். வெளிநாட்டுப் பயண விவரம் கேட்பார்கள். நம் ஆட்கள் கல்யாணம், காதுகுத்து என்று ஊருக்குப் போய்க்கொண்டே இருப்போம், தேதிகள் நினைவிருக்காது. விண்ணப்பத்தைத் திறக்கும் முன் பழைய பாஸ்போர்ட்டுகளை எடுத்து வைத்து, முத்திரைகளைப் பார்த்து ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் குடும்ப மருத்துவர் பெயரும் வேண்டும். வந்து ஒரு வருடமாகியும் எந்த மருத்துவரிடமும் பதிவு செய்யாமல் இருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

நமக்காகப் பேச இருவர் வேண்டும். ஒருவர் துணைவரோ நெருங்கிய உறவினரோ. மற்றவர் உறவல்லாத, உங்களை நன்றாக அறிந்தவர். என் மனைவியிடம் என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பேசினார்கள். வீட்டில் சண்டை வருமா, குடிப்பாரா, கோபக்காரரா என்றெல்லாம். இது வழக்கமான நடைமுறை, சங்கடப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் பெயர் கொடுத்த நண்பர் மூன்று வாரம் கழித்துச் சாவகாசமாகச் சொன்னார்: "அண்ணா, ஏதோ தெரியாத நம்பர்ல இருந்து உங்களைப் பத்திக் கேட்டாங்க. ஏமாத்துறவங்கன்னு நெனச்சு கட் பண்ணிட்டேன்." அந்த ஒரு அழைப்பால் என் கோப்பு ஒரு மாதத்துக்கு மேல் தூங்கியது. ஆக மொத்தம் எனக்கு ஐந்து மாதம் ஆனது.

இந்த ஐந்து மாதத்தை வீணாக்காதீர்கள். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்தால், லைசென்ஸ் இல்லாதவரும் சுட்டுப் பழகலாம். சுடுதளங்களுக்கு யாருடனாவது போய், கிடைக்கும் துப்பாக்கியை எல்லாம் சுட்டுப் பாருங்கள். எது தேவை, எது வெறும் ஆசை என்பது அங்கேதான் பிரியும்.

2. துப்பாக்கிக்கு முன் இரும்புப் பெட்டி

நேர்காணலுக்கு வருபவர் பெட்டியையும் பார்ப்பார். சுவரிலோ தரையிலோ போல்ட்டுப் போட்டு இறுக்கிய, பூட்டுள்ள எஃகுப் பெட்டி. தோட்டாவுக்குத் தனியிடம், அதற்கும் பூட்டு. சாவி எங்கே வைப்பீர்கள் என்று கேட்பார்கள்; "மனைவிக்குத் தெரியும்" என்பது தவறான பதில். லைசென்ஸ் இல்லாத யாருக்கும் சாவி இருக்கும் இடம் தெரியக்கூடாது, கட்டிய மனைவிக்கும் சேர்த்துத்தான்.

வாடகை வீடு என்றால் சுவரில் துளை போட வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். நான் வாய்ச்சொல்லை நம்பித் துளையிட்டேன். வீட்டைச் சோதிக்க வந்த வாடகை மேலாளர் அலமாரியைத் திறந்து கேட்ட கேள்விக்கு ஒரு மாலை முழுக்க மின்னஞ்சல் எழுத வேண்டியதாயிற்று. சின்னப் பெட்டிக்குச் சில நூறு டாலர் ஆகும். வாங்கும்போதே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டிய துப்பாக்கி நிற்கும் அகலமும், சப்ரஸருடன் (முனையில் மாட்டும் ஒலிக்குறைப்புக் குழாய்) நிற்கும் உயரமும் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள்.

3. தராசை எடுங்கள்

கார்பன் பேரல் விற்கும் எல்லாரும் ஓர் எடை சொல்வார்கள். அது வெறும் துப்பாக்கியின் எடை. மலையில் நீங்கள் சுமப்பது வேறு. ஊருக்குப் போகும்போது பெட்டி 30 கிலோ தாண்டாமல் பார்க்கத் தொங்கு தராசு வைத்திருப்போமே, அதைக் கடைக்குக் கொண்டு போங்கள். நான் கொண்டு போனேன். கடைக்காரர் சிரித்தார், அப்புறம் அவரும் எட்டி முள்ளைப் பார்த்தார்.

என் கணக்கு இது. துப்பாக்கி 2.7 கிலோ. ஸ்கோப் 450 கிராம். அதைப் பிடிக்கும் வளையங்கள் 120. சப்ரஸர் 350. இருகால் தாங்கி 300. தோளில் மாட்டும் வார் 100. நாலு தோட்டா 100. கூட்டினால் 4.12 கிலோ. "ஆறு பவுண்டுத் துப்பாக்கி" ஒன்பது பவுண்டாகிவிட்டது. நீண்டதூரக் குறிபார்ப்புக்கான பெரிய ஸ்கோப்புகள் ஒரு கிலோவை நெருங்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பேரலில் மிச்சம் பிடித்ததை அந்த ஒரே சாமான் தின்றுவிடும். சின்ன ஸ்கோப், இருகால் தாங்கிக்குப் பதில் முதுகுப்பை மேல் வைத்துச் சுடும் பழக்கம், இந்த இரண்டிலேயே முக்கால் கிலோ குறையும், செலவும் குறையும்.

4. கார்பன் பேரல் என்ன செய்யும், என்ன செய்யாது

பலரும் நினைப்பது, கார்பன் பேரல்தான் உலகிலேயே இலேசானது என்று. இல்லை. பென்சில் போல மெலிந்த எஃகுப் பேரல் அதே எடைக்கோ இன்னும் குறைவாகவோ வரும். கிம்பர் மவுன்டன் அசென்ட் என்ற ரைபிள் எஃகுப் பேரல்தான், 2.2 கிலோவைச் சுற்றி நிற்கிறது. டிக்கா டி3எக்ஸ் லைட் எஃகு, 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கார்பன் பேரல் போட்ட கிறிஸ்டென்சன் ரிட்ஜ்லைனும் ஏறக்குறைய அதே எடைதான். அதிலேயே எஃப்எஃப்டி என்ற வகை 2.4 கிலோவை ஒட்டி வருகிறது என்றால், தோளில் அணைக்கும் கட்டையையும் இலேசாக்கியதும் அதற்கு ஒரு காரணம்.

அப்படியானால் கார்பனுக்கு எதற்குக் காசு? விறைப்புக்கு. மெல்லிய எஃகுப் பேரல் இரண்டு மூன்று குண்டில் சூடேறி, அடுத்தடுத்த குண்டுகள் இடம் மாறிப் போகலாம். முனையில் சப்ரஸர் மாட்டினால் அந்த மெலிந்த கம்பி இன்னும் ஆடும். அதே எடையில் தடித்த, விறைப்பான பேரல் வேண்டும் என்றால் கார்பன்தான் வழி. மானை ஒன்று, மிஞ்சினால் இரண்டு குண்டில் முடிப்பவருக்கு இந்த வேறுபாடு பெரும்பாலும் தெரியவே தெரியாது. சப்ரஸருடன் 400 மீட்டர் தள்ளிப் பாறை விளிம்பில் நிற்கும் தாரைச் சுடப் பழகுபவருக்குத் தெரியும்.

அது செய்யாதவை: பேரலின் ஆயுளைக் கூட்டாது. குண்டு உரசுவது உள்ளே இருக்கும் எஃகில்தான். உதைப்பையும் குறைக்காது. சூட்டையும் மறைத்துவிடும், வெளியே தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்போதே உள் எஃகு கொதித்துக்கொண்டிருக்கலாம். கையால் தொட்டுப் பார்த்து "ஆறிவிட்டது" என்று முடிவு செய்யாமல், மூன்று குண்டுக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் விடுங்கள்.

"ஒரு எம்ஓஏ உத்தரவாதம்" என்று அட்டையில் போட்டிருக்கும். 100 மீட்டரில் குண்டுகள் சுமார் 29 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் விழும் என்று பொருள். எத்தனை குண்டுக்கு, எந்தத் தோட்டாவில் என்று கேளுங்கள். மூன்று குண்டுக்கு என்றால் அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு.

5. தோட்டா வகை: இலேசான துப்பாக்கி அதிகம் உதைக்கும்

இது எளிய இயற்பியல். தோட்டா ஒன்றே, துப்பாக்கி மட்டும் 3.5 கிலோவிலிருந்து 2.5 கிலோவானால் உதைப்பின் ஆற்றல் 40 சதவீதம் கூடும். நான் முன்பணம் கட்டியது 300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டா போடும் துப்பாக்கிக்கு. "தாருக்குப் பெரிசுதான் வேணும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு. லைசென்ஸுக்குக் காத்திருந்த மாதங்களில் ஒரு நண்பர் தன் 300-ஐ, அதுவும் இலேசான ரகம், சுடுதளத்தில் எனக்குக் கொடுத்தார். முதல் குண்டில் ஸ்கோப் விளிம்பு புருவத்தை முத்தமிட்டது. ஐந்தாவது குண்டில் நான் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுவதை அவர் பார்த்துவிட்டார். அந்தப் பழக்கம் வந்தால் போவது கடினம். முன்பணம் போனதில் எனக்கு அப்புறம் அவ்வளவு வருத்தமில்லை.

6.5 கிரீட்மூர், 7எம்எம்-08, 308, 270 என்ற தோட்டா வகைகளில் ஒன்று போதும். மானுக்கும் சாமோய்க்கும் தாருக்கும் இங்கே பலர் காலங்காலமாக இவற்றைத்தான் கொண்டு போகிறார்கள். அதே எடையுள்ள துப்பாக்கியில் 300 மேக்னம் 6.5 கிரீட்மூரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உதைக்கும். இன்னொரு கணக்கும் உண்டு: சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கிற தோட்டாவா? மலைக்குப் போகும் வழியில் தோட்டாப் பெட்டியை வீட்டில் மறந்தது தெரிந்தால், 308 கிடைக்க வாய்ப்புண்டு. நாகரிகமான புது மேக்னம் கிடைக்காது.

இயங்குமுறையில் யோசிக்க வேண்டாம், ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் ரகம். 2019-க்குப் பிறகு இங்கே மையத்தீத் தோட்டா (அடிப்பாகத்தின் நடுவில் அடித்து வெடிக்கும் வகை) போடும் அரைத்தானியங்கிகள், அதாவது விசையை இழுக்க இழுக்கத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்பவை, பெரும்பாலும் தடை.

6. நீளம், மரை, சப்ரஸர்: நான் ஏமாந்த இடம்

நியூசிலாந்தில் சப்ரஸர் சாதாரணக் கடைச் சரக்கு. மாட்டுங்கள், காது தப்பும், உதைப்பும் குறையும். ஆனால் துப்பாக்கி நீண்டுவிடும். 24 அங்குலப் பேரலில் சப்ரஸரும் சேர்ந்தால் புதர்க்காட்டில் மூங்கில் கழியோடு நடப்பது போலிருக்கும். அதனால் 18 முதல் 20 அங்குலம் பாருங்கள். எஃகுப் பேரலைப் பிறகு வெட்டிக் குறைப்பது எந்தத் துப்பாக்கிக் கம்மியருக்கும் சின்ன வேலை. கார்பன் பேரலை அப்படி நினைக்காதீர்கள். உற்பத்தியாளரைக் கேட்காமல் வெட்டினால் உத்தரவாதம் போகலாம். வாங்கும்போதே நீளத்தை முடிவு செய்யுங்கள்.

முன்பணத்துக்கு ஈடாக நான் ஒரு சப்ரஸர் எடுத்தேன். பேரலின் மேல் பின்னோக்கிச் சறுக்கி உட்காரும் வகை. நீளம் அதிகம் ஏறாது என்பதால் இங்கே பலருக்கும் பிடித்தது. லைசென்ஸ் வந்து, வேறொரு துப்பாக்கி வாங்கி, வீட்டில் உட்கார்ந்து மாட்டப் பார்த்தால் பாதியில் நின்றுவிட்டது. கார்பன் சுற்றிய பேரல் முனைவரை தடிமனாக இருக்கும். சப்ரஸரின் பின்துளை மெல்லிய எஃகுப் பேரலுக்காகக் கடைந்தது. திருகித் திருகிப் பார்த்ததில் கார்பன் மேல் ஒரு வெள்ளைக் கீறல் விழுந்ததுதான் மிச்சம். இன்றும் இருக்கிறது.

ஆகவே கடைக்குப் போகும்போது இரண்டு எண்களை எழுதிக்கொண்டு போங்கள். ஒன்று, முனையின் மரை அளவு: அமெரிக்கத் துப்பாக்கிகளில் 5/8x24 அதிகம், ஐரோப்பியவற்றில் 14x1 போன்ற மெட்ரிக் அளவுகள். இரண்டு, முனைக்குப் பின்னால் பேரலின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டும் பொருந்துகிறது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

7. வாங்கும் நாளும் பதிவேடும்

லைசென்ஸ் அட்டை இல்லாமல் துப்பாக்கியும் கிடைக்காது, தோட்டாவும் கிடைக்காது. 2023 ஜூன் முதல் துப்பாக்கிப் பதிவேடு நடைமுறையில் இருக்கிறது. வாங்கியபின் 30 நாளுக்குள் உங்கள் பெயரில் அது பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். கடையிலிருந்து வாங்கினால் கடைக்காரர் தன் பங்கைச் செய்வார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் உங்கள் கணக்கில் நுழைந்து தொடர் எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பூஜ்யத்துக்கும் ஓ எழுத்துக்கும் குழப்பம் வரும். தனியாளிடம் பழையது வாங்கினால் அவர் லைசென்ஸைப் பாருங்கள், அவரும் உங்களுடையதைப் பார்க்கட்டும், பரிமாற்றத்தை இருவரும் பதியுங்கள்.

அமெரிக்காவில் விலை குறைவு, அக்கா மகன் வரும்போது கொண்டு வரச் சொல்லலாம் என்ற யோசனை வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். துப்பாக்கி கிளம்பும் முன்பே இங்கே இறக்குமதி அனுமதி வேண்டும், அங்கே ஏற்றுமதி விதிகள் தனி.

பழைய கார்பன் துப்பாக்கி என்றால் டார்ச் அடித்துப் பேரலை முழுக்கச் சுற்றிப் பாருங்கள். மேற்பூச்சுக் கீறல் பரவாயில்லை. கார்பன் எஃகோடு சேரும் இரு முனைகளிலும் விரிசலோ, இழை பிரிந்தோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

8. எவ்வளவு ஆகும்

தொழிற்சாலையில் கார்பன் பேரல் போட்டு வரும் ரைபிள் இங்கே நான் தேடியபோது நாலாயிரம் டாலரைச் சுற்றித் தொடங்கி மேலே போனது. நல்ல எஃகு டிக்கா அதில் ஏறக்குறைய பாதி. அதன் மேல் ஸ்கோப், வளையம், சப்ரஸர் எல்லாம் சேர்ந்து இன்னொரு ஆயிரத்து ஐந்நூறாவது பிடிக்கும். வேட்டைத் தோட்டா இருபது கொண்ட பெட்டி அறுபது டாலரிலிருந்து நூறுக்கு மேலும். பலரும் கணக்கில் விடுவது இதைத்தான். எந்தத் தோட்டா உங்கள் பேரலுக்கு ஒத்துப்போகிறது என்று பார்க்க மூன்று வகைப் பெட்டி, ஸ்கோப்பைச் சரிசெய்ய ஒன்று, பழக இன்னும் இரண்டு. முதல் வருடத்தில் ஐந்நூறு டாலருக்குத் தோட்டாவே சுடுவீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், கையில் நாலாயிரம்தான் இருக்கிறது என்றால் எஃகு டிக்கா, நல்ல ஸ்கோப், ஐந்நூறு டாலர் தோட்டா, நல்ல மலைச் சப்பாத்து. பேரலைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். இந்த நாட்டிலேயே ஹார்டி போன்றவர்கள் கார்பன் பேரல் செய்து, உங்களிடம் இருக்கும் டிக்காவிலேயே பூட்டித் தருகிறார்கள். சப்பாத்தில் மிச்சம் பிடித்தால் முதல் இறக்கத்திலேயே தெரிந்துவிடும்.

9. சுடுதளத்தில்

ஸ்கோப்பைச் சரிசெய்யும் நாளில் பேரல் குளிர்ந்திருக்கும்போது போகும் முதல் குண்டைத் தனித்தாளில் குறித்து வையுங்கள். மலையில் நீங்கள் சுடப்போவது அந்தக் குண்டைத்தான். நாலைந்து நாள் இப்படிச் செய்து அந்த முதல் குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால், மேசையில் வரும் அழகான மூன்று குண்டுக் கூட்டத்தைவிட அதை நம்பலாம். சப்ரஸரைக் கழற்றினால் குண்டு விழும் இடம் மாறும். மாட்டியே சரிசெய்யுங்கள், மாட்டியே கொண்டு போங்கள்.

இலேசான துப்பாக்கி மூச்சுக்கெல்லாம் ஆடும். மேசையில் சுட்டுப் பழகியவர் முதுகுப்பை மேல் வைத்து, மூச்சு வாங்க ஒரு மேடேறி வந்து சுட்டுப் பார்த்தால்தான் தன் தூரம் எது என்று தெரியும். என் தூரம் 200 மீட்டர். ஸ்கோப் பெட்டியில் 800 என்று போட்டிருக்கிறது.

10. அனுமதிச் சீட்டும் காலமும்

பொதுக் காட்டுநிலத்தில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். திறந்த பகுதிகளுக்கு இலவசம், இணையத்தில் சில நிமிடம். அச்சிட்டோ போனிலோ கையோடு வையுங்கள். மலையில் சிக்னல் இருக்காது, முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். தனியார் பண்ணை என்றால் உரிமையாளரின் சம்மதம். காரில் போகும்போது துப்பாக்கியில் ஒரு தோட்டாவும் இருக்கக்கூடாது, பேரலின் பின்னுள்ள தோட்டா அறையிலும் சரி, தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலும் சரி. வழியில் சாப்பிட நிறுத்திக் காரிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கமும் வேண்டாம்.

பொது நிலத்தில் மானுக்கு மூடிய காலம் என்று கிடையாது. ஆனால் செம்மான் கத்தும் பருவம் மார்ச் கடைசியும் ஏப்ரலும். அப்போது காட்டில் ஆட்கள் அதிகம், பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போடுங்கள். தார் கிடாக்களுக்குக் குளிர்காலப் பிடரிமயிர் அடர்ந்து வருவது மே, ஜூன், ஜூலையில். அப்போது மேலே பனியும் உறைபனியும், புதியவர் தனியாகப் போகும் இடமில்லை. ஏப்ரலில் மான் வேட்டைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்றால் நான் வைக்கும் நாட்காட்டி இது: ஆகஸ்டில் தேர்வும் விண்ணப்பமும், அதே மாதம் இரும்புப் பெட்டி. ஜனவரி, பிப்ரவரியில் அட்டை கைக்கு வந்தால் உடனே துப்பாக்கி. மார்ச் முழுக்கச் சுடுதளம். நண்பரிடம் மட்டும் ஆகஸ்டிலேயே சொல்லி வையுங்கள், தெரியாத நம்பர் வந்தால் எடுக்கச் சொல்லி.